பிள்ளைகளைப் படம் எடுப்பது எப்படி? திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

திருமண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் படம் எடுப்பது என் தொழில். கமராவை உறையில் போட்டு மூடியதும் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ தங்கள் தொலைபேசியை நீட்டி, "நாங்கள் எடுத்தால் மட்டும் ஏன் அண்ணா இப்படி வருகிறது?" என்று கேட்பார்கள். அப்படி அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட பதில்கள் வெளிச்சத்தில்தான் போய் முடிகின்றன. அதற்கு நான் பொறுப்பல்ல, இந்த ஊர் வெயில்தான் பொறுப்பு.

நல்ல படம் வேண்டுமென்றால் பெரிய கமரா வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கும் தொலைபேசி போதும். பின்பக்கக் கமராவைப் பயன்படுத்துங்கள்; முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் தரம் குறைந்தது. எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். உப்புக்காற்றும் பிள்ளையின் எண்ணெய்க் கையும் சேர்ந்து அதில் ஒரு படலத்தைப் பூசிவிடுகின்றன. மின்குமிழைச் சுற்றியோ வானத்தின் ஓரத்திலோ புகைமூட்டம் போலத் தெரிந்தால் காரணம் அதுதான். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும்.

எங்கள் ஊர் வெயிலில் எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

சூரியன் எழுந்தபின் ஒன்றரை மணி நேரம், மறைவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். வருடம் முழுவதும் இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டியே எழுந்து ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. ஆகவே காலை ஏழரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. அந்த நேரத்து வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வந்து முகத்தில் விழும்.

நண்பகலில் வெளிச்சம் உச்சந்தலையில் விழுகிறது. நெற்றி பளபளக்கும், கண்கள் நிழலுக்குள் போய்விடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசைபோல விழும். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சித்திரைப் புத்தாண்டு சரியாக அந்த நாட்களில்தான் வருகிறது. புது உடுப்பு, கைவிசேஷம், மதியச் சாப்பாடு எல்லாம் முடித்து, எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோம். வருடத்திலேயே மோசமான வெளிச்சத்தை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம்மிடம்தான் இருக்கிறது. புது உடுப்புப் போட்டதும் காலையிலேயே பிள்ளையைப் பிடித்து எடுத்துவிடுங்கள். மதியத்தில் அந்த உடுப்பில் பாயசமும் இருக்கும்.

நண்பகலில்தான் எல்லோரும் ஒன்றாகக் கிடைக்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

விறாந்தைக்கு வாருங்கள். கூரை தலைக்கு மேல் வரும் வெயிலை மறைத்துவிடும். முற்றத்து மணலிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்கு நேராக வரும். பிள்ளையை விறாந்தையின் ஓரத்திலிருந்து ஓர் எட்டு உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். நீங்கள் முற்றத்துப் பக்கமாக நின்று எடுங்கள். பிள்ளையின் கண்மணிக்குள் முற்றத்து வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். கண்ணில் அந்தப் புள்ளி இல்லாத முகம் படத்தில் களைத்துப்போனதாகத் தோன்றும்.

மர நிழல் நல்லதுதான், ஆனால் இலைகளின் இடைவெளியில் வடியும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழாத இடமாகப் பார்க்க வேண்டும். அடர்ந்த வேம்பின் கீழே நிற்கலாம். தென்னையின் கீழே எடுக்காதீர்கள், ஓலை நிழல் முகத்தில் கோடு கிழிக்கும், தேங்காயும் விழும். நீலத் தறப்பாள் பந்தலுக்குள் எடுத்தால் பிள்ளை நீலமாகத்தான் வரும். அதைத் தொலைபேசி முழுதாகச் சரிசெய்யாது. பந்தலின் விளிம்புக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.

கடலைப் பின்னணியாக வைத்தால் பிள்ளையின் முகம் கறுத்துப்போகிறது. ஏன்?

உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்கைப் பார்த்த கடற்கரைகள். காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் சூரியனும் பின்னால்தான் இருக்கும். பளீரென்ற வானத்தைப் பார்த்து, கமரா முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. ஆகவே காலையில் பிள்ளையைக் கடலைப் பார்க்க விடுங்கள். நீங்கள் நீரோரத்தில் நின்று, தோணிகளும் வாடிகளும் தென்னைகளும் பின்னால் வரும்படி எடுங்கள். மாலையில் எல்லாம் தலைகீழ். சூரியன் ஊர்ப் பக்கம் இறங்குவதால், கடல் பின்னணியில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் நேராக விழும். கடலுக்கு மேல் சூரியன் மறையும் படம்தான் வேண்டும் என்றால் அந்தக் கடற்கரைகளில் கிடைக்காது. மேற்கே உட்துறைமுகக் கரைக்குப் போக வேண்டும்.

வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கத்தான் வேண்டியிருந்தால், திரையில் பிள்ளையின் முகத்தைத் தொடுங்கள். வெளிச்சம் முகத்துக்கு ஏற்ப மாறும். விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான தொலைபேசிகளில் அந்த அளவு பூட்டப்பட்டுவிடும். வானம் வெளுத்துப்போகும், போகட்டும். வானத்தைப் பிறகும் எடுக்கலாம்.

பாடசாலைச் சீருடையில் எடுத்தால் ஒன்றில் முகம் இருட்டு, இல்லாவிட்டால் சட்டை வெறும் வெள்ளை. இரண்டும் ஒழுங்காக வராதா?

கமராவுக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே அது கணக்குப் போடும். தூய வெள்ளைச் சீருடை படத்தில் பெரும்பகுதியை நிரப்பினால், "வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்துக் குறைத்துவிடும். நம் பிள்ளைகளின் மாநிறமும் கறுப்பும் அதோடு சேர்ந்து இருட்டுக்குள் போய்விடுகின்றன. முகத்தைத் தொட்டுச் சரிசெய்தால் சட்டையின் மடிப்பும் பையும் காணாமல் போய், வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

வெயிலில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. வெள்ளைக்கும் தோலுக்கும் இடையிலான வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று பெருகிவிடுகிறது. நிழலில் இரண்டும் ஒரே மென்மையான வெளிச்சத்தில் நிற்கின்றன. அங்கே முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் சட்டையின் மடிப்புக்கூடத் தெரியும். முதல் நாள் பாடசாலைக்குப் போகும் படத்தை வாசற்கதவுக்கு வெளியே எடுப்பதைவிட, கதவு நிலையில் நின்று வெளியே பார்க்கும் பிள்ளையாக எடுங்கள். உள்ளே இருட்டு, முகத்தில் வெளிச்சம். ஸ்டூடியோவில் பணம் கொடுத்தாலும் அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது.

"சிரி" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். இயல்பாக எப்படி எடுப்பது?

சிரிக்கச் சொல்லாதீர்கள். அது கட்டளை, கட்டளைக்குப் பிள்ளை கொடுக்கும் பதில் அந்தப் பல்தான். பிள்ளைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். அப்பம்மாவுக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுக்கச் சொல்லுங்கள், மணலில் குழி தோண்டச் சொல்லுங்கள், தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லுங்கள். கை வேலையில் இருக்கும்போது முகம் தன்பாட்டில் இருக்கும். பிறகு பேசுங்கள். "வகுப்பில் இன்று யார் அடிவாங்கியது?" என்று கேட்டால் உண்மையான முகம் வரும். ஆசிரியர் அடிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்; பிள்ளைகளுக்கு அந்தக் கதையில்தான் ஆர்வம்.

கூடியிருப்பவர்கள்தான் பெரும்பாலும் கெடுக்கிறார்கள். மாமா ஒரு பக்கம் கைதட்டுவார், சித்தி மறுபக்கம் கிலுக்கட்டியை ஆட்டுவார், அம்மம்மா "இங்கே பார் ராசா" என்பார். பிள்ளை மூன்று பக்கமும் விழிக்கும். ஒருவர் மட்டும், கமராவுக்கு மிக அருகில் நின்று கூப்பிட வேண்டும். மற்றவர்களைத் தேநீர் குடிக்க அனுப்புங்கள்.

அழுகிற படத்தையும் அழிக்காதீர்கள். கோபம், பிடிவாதம், தூக்கக் கலக்கம், விழுந்த பல்லின் ஓட்டை எல்லாம் அந்த வயதுக்கு உரியவைதான். ஆனால் அழும் பிள்ளையைத் தூக்காமல் படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதலில் தூக்குங்கள்.

நின்றுகொண்டு எடுக்கலாமா?

கூடாது. குந்துங்கள். கமரா பிள்ளையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். தவழும் பிள்ளை என்றால் பாயில் படுத்துவிடுங்கள்.

கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெரிதாக வருகிறதே?

லென்ஸுக்கும் முகத்துக்கும் இடையே முப்பது சென்ரிமீற்றர் இருந்தால், காது மூக்கைவிடப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு பின்னால் இருக்கிறது. அதாவது மூக்கு, காதோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது. தள்ளி நின்று, தொலைபேசியில் இரு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் "2x" லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எடுத்தபின் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் மகள் ஓடினாள். படம் முழுவதும் மங்கல். எப்படித் தவிர்ப்பது?

கணக்கைப் பாருங்கள். பிள்ளை ஒரு செக்கனில் மூன்று மீற்றர் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால் அந்த நேரத்தில் அவள் ஐந்து சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறாள். அதுதான் மங்கல். 1/500 என்றால் நகர்வது ஆறு மில்லிமீற்றர்தான். திறந்த மைதானத்தில், பகல் வெளிச்சத்தில், தொலைபேசி தானாகவே வேகமான ஷட்டரைத் தேர்ந்தெடுக்கும். தொலைபேசியில் கைமுறை வசதி இருந்தால் 1/500 அல்லது அதற்கு மேல் வைத்து, வெளிச்சத்துக்கான கமராவின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். மாலைப் போட்டிகளிலும் மண்டபத்துக்குள் நடக்கும் நடனங்களிலும்தான் உண்மையான தொல்லை. அங்கே உருப்பெருக்கம் செய்யாமல், மேடைக்குக் கிட்டப் போய், ஆடும் பிள்ளை ஒரு கணம் நிற்கும் இடத்தை எதிர்பார்த்து எடுங்கள். முத்திரை பிடித்து நிற்கும் அந்தக் கணம் எல்லா உருப்படியிலும் வரும்.

ஓட்டத்தில் குறுக்கே நின்று எடுப்பதைவிட முடிவுக் கோட்டுக்கு அப்பால் நின்று எடுங்கள். பிள்ளை உங்களை நோக்கி வரும்போது படத்தில் நகர்வு குறைவு, முகமும் கிடைக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட வேண்டும். அதைச் செய்யாதவர்களின் தொலைபேசிதான் அடுத்த விழாவில் "இடம் போதாது" என்று சொல்லும்.

பிறந்த குழந்தைக்கு ஃபிளாஷ் போடலாமா?

போடாதீர்கள். குழந்தை திடுக்கிடும், முகம் தட்டையாகவும் வரும். யன்னலுக்குப் பக்கவாட்டில் பாயை விரித்து, வெயில் நேராக விழாதபடி வெள்ளைச் சேலையையோ வேட்டியையோ திரையாகக் கட்டுங்கள். குழந்தையின் தலை யன்னல் பக்கம் இருக்கட்டும். கால் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் நாடிக்குக் கீழிருந்து விழுந்து முகத்தை விகாரமாக்கும். துடக்குக் கழிக்கும் முப்பத்தொன்றாம் நாள் வரை படம் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். கைகளையும் பாதங்களையும் மட்டும் எடுக்க அவர்களும் பெரும்பாலும் விடுவார்கள். கன்னத்துக் கறுத்தப் பொட்டைத் திருத்தி அழிக்காதீர்கள். அதை வைத்தவர் பார்த்தால் வருத்தப்படுவார்.

கேக் வெட்டும் படங்கள் எப்போதும் வெளிறியே வருகின்றன.

ஃபிளாஷை நிறுத்துங்கள். மெழுகுதிரி எரியும்போது ஒரு மின்குமிழை மட்டும் விட்டு மற்றவற்றை அணையுங்கள். எந்த விளக்கும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. இரவு முறை வேண்டாம். அது சில செக்கன்கள் வெளிச்சத்தைச் சேர்க்கும், பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது. ஊதும் கணத்தைவிட ஊதுவதற்கு மூச்சை இழுக்கும் கணம் நல்ல படம்.

கோட்டை மான்களோடும் கோணேசர் கோயிலிலும் எடுக்கும்போது எதைக் கவனிப்பது?

பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை. ஆனாலும் அவை காட்டு விலங்குகள். கொம்புள்ள கலைமானுக்குக் கிட்ட பிள்ளையை அனுப்பாதீர்கள். தின்பண்டமும் பொலித்தீன் பையும் கொடுக்க வேண்டாம். பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் மான்கள் தாமாகவே பின்னணிக்குள் நடந்து வரும். கோயில் பக்கம் குரங்குகள் உண்டு, கையில் வாழைப்பழம் இருந்தால் படமும் போகும் பழமும் போகும்.

இராவணன் வெட்டுப் பக்கம் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. கடல் பின்னணிக்காகப் பிள்ளையை விளிம்பில் நிறுத்தி, நீங்கள் பின்னால் பின்னால் நடந்து எடுக்கும் வேலை அங்கே வேண்டவே வேண்டாம். கருவறைப் பக்கம் கமராவைப் பையில் வையுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. காவலரணும் முகாம் வாசலும் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

புறாத்தீவில் தண்ணீருக்குள் எடுக்கலாமா? என் தொலைபேசி நீர்புகாதது.

அந்தச் சான்று பொதுவாக நன்னீரில் சோதித்துக் கொடுக்கப்படுவது. உப்புநீர் வேறு. தொலைபேசிக்கு நீர்புகா உறை வாங்கிப் போடுங்கள். போட்டாலும், கரைக்கு வந்ததும் உறையை நன்னீரில் கழுவுங்கள். புறாத்தீவு கடல்சார் தேசிய பூங்கா. படத்துக்காகப் பவளப்பாறையில் ஏறி நிற்பதும் துண்டு எடுத்துப் பிடிப்பதும் தவறு. மே முதல் செப்ரெம்பர் வரைதான் இப்பக்கக் கடல் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் போக வேண்டாம்.

மழைக்காலத்தில் மூன்று மாதம் ஒன்றுமே எடுக்க முடிவதில்லை.

எனக்கு அதுதான் பிடித்த காலம். நவம்பர், டிசம்பர் மேகம் முழு வானத்தையும் ஒரே மென்மையான விளக்காக்கிவிடுகிறது. எந்த நேரத்திலும் எடுக்கலாம், யாரும் கண் கூசமாட்டார்கள். முற்றத்து வெள்ளத்தில் கடதாசிக் கப்பல் விடும் பிள்ளையை விறாந்தையிலிருந்தே எடுக்கலாம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இந்த நிறங்கள் கிடைக்காது.

பிள்ளை கறுப்பாக விழுகிறாள். வெளுப்பாக்கும் வசதியைப் போடலாமா?

அதை அணைத்துவிடுங்கள். பல தொலைபேசிகளில் "அழகுபடுத்தல்" வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். தோலை வெளுப்பாக்கி, கன்னத்தை வழித்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பொம்மையாக்கும். கறுப்பு நிறத் தோலுக்குத் தேவை பக்கவாட்டிலிருந்து வரும் நல்ல வெளிச்சம். அது கிடைத்தால் தோல் மினுங்கும். படத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள்" என்று தாய் கேட்பதைப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக்கில் போடலாமா?

குடும்பத்துக்கு அனுப்புங்கள்; ஊருக்கு அனுப்பும் முன் யோசியுங்கள். பாடசாலைச் சின்னம், வீட்டு இலக்கம், வாகன இலக்கத்தகடு தெரியக் கூடாது. குளிக்கும் படம் எந்த வயதிலும் வேண்டாம். தொலைபேசியின் கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் கோப்புக்குள் எடுத்த இடம் பதிந்திருக்கும். மற்றவர் பிள்ளை படத்தில் இருந்தால் அந்தப் பெற்றோரைக் கேளுங்கள். விபரம் தெரிந்த பிள்ளை "போட வேண்டாம்" என்றால் போட வேண்டாம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. பிள்ளையின் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள்.

படங்களை எங்கே வைத்திருப்பது?

ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள். போரிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் வீட்டு அல்பங்களை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். கலியாணப் படத்தின் பிரதி வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்து திரும்பி வந்த வீடுகளும் உண்டு. அப்படி ஒரு பிரதி வேறு ஊரில் இருப்பதுதான் பாதுகாப்பு. தொலைபேசியில் ஒன்று, கணினியில் செருகும் வெளித்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுவிடும். ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போகும்.

வருடத்துக்கு ஒரு கைப்பிடி படங்களையாவது அச்சடியுங்கள். நாலுக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1200 x 1800 பிக்சல் போதும். பழைய தொலைபேசியும் அதைவிட அதிகமாகவே தரும். பின்புறத்தில் பெயர், திகதி, இடம் எழுதுங்கள். பெயரில்லாத படத்தைப் பேரப்பிள்ளை தூக்கிப் போட்டுவிடும்.

அச்சடித்தால் ஓரம் வெட்டுப்படுகிறதே?

தொலைபேசிப் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று விகிதம். நாலுக்கு ஆறு தாள் மூன்றுக்கு இரண்டு. பொருத்தும்போது ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். அகலப் படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும், உயரப் படத்தில் இரு பக்கமும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் கைகளுக்குப் பக்கத்திலும் இடம் விடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், "வெட்டாமல், வெள்ளை ஓரம் விட்டு அடித்துத் தாருங்கள்" என்று ஸ்டூடியோவில் சொல்லலாம்; செய்து தருவார்கள்.